ஆற்றை வலம் வந்த முத்தாத்தாள்

முத்தாத்தாள் ஷூ வாங்கிய செய்தி ஒரே நாளில் புதூர் முழுக்கப் பரவிவிட்டது. பரவாமல் என்ன செய்யும்? அறுபதை நெருங்கும்வரை ரப்பர் செருப்பையே தேயத் தேயப் போட்ட மனுஷி, திடீரென்று ஒரு விடிகாலையில் காட்டன் சேலைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று கேன்வாஸ் ஷூவும், கையில் எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலுமாக வாசலில் இறங்கினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"ஏம்புள்ள, ரேஸுக்குப் போறயா?" என்று கேட்டார் புருஷன் லிங்கசாமி.

"சுகருங்க. டாக்டரு நடக்கச் சொல்லீருக்காரு."

டாக்டர் சொன்னது வாஸ்தவம்தான். அவர் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. அப்போதெல்லாம், "ஷெட்டுக்குள்ள நான் நடக்காத நடையா?" என்று அவர் வாயை அடைத்தவள் இவள். வீட்டுக்குப் பின்னால் காஜா பட்டன் ஷெட் வைத்திருக்கிறாள். கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் டீசர்ட்டுகளுக்குப் பட்டன் நுழைகிற காஜா போட்டு, பட்டன் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களோடு அவள் பேசும் இந்தி அவளே தயாரித்தது, வேறெங்கும் கிடைக்காது. பையன்களுக்கு அது நன்றாகப் புரிந்தது. காய்ச்சல் என்று ஒருவன் படுத்தால் அவளே ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள், திட்டிக்கொண்டேதான் கொடுப்பாள்.

நல்ல மனுஷிதான். ஒரே ஒரு கோளாறு, சண்டை என்று வந்துவிட்டால் முதலில் பேச மாட்டாள். எதிராளி வந்து பேசட்டும் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்த சண்டைகளில் பெரியது, கூடப் பிறந்த தம்பி தங்கராஜுடன் போட்டது.

தங்கராஜுக்கு நொய்யலின் வடகரையில், நாச்சிதுறையில் தென்னந்தோப்பு. அப்போது லிங்கசாமி கூட்டாளிகளோடு சேர்ந்து ஆற்றோரமாக மேற்கே சாயப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் தங்கராஜின் கிணற்றில் தண்ணீர் சிவப்பாக ஊறியது. அதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தான். விருந்தாளிகள் இலை முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். பாட்டிலை நடுக்கூடத்தில் வைத்து, "இதக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க மச்சா" என்றான். முத்தாத்தாள் பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை அவனிடம் நீட்டினாள்.

"மொதல்ல இதக் குடி சாமி. பொறவு பேசலாம்."

"உங்க ஊட்டுத் தண்ணி எனக்கு ஆகாதுங்க. இனி ஒரு சொட்டு வாயில வெக்க மாட்டேன்."

"அப்படியா? குடிக்காதவன் எங்கூட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்றாள் அவள். நானும் உன் வாசலுக்கு வரமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். தம்பி சொன்னது உண்மை என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை கோபம் வந்தது.

பிறகு கோர்ட் உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்டன. லிங்கசாமியும் இடத்தை விற்றுவிட்டு இந்தக் காஜா மிஷின்களை வாங்கிப் போட்டார். சண்டைக்குக் காரணமான பட்டறையே போய்விட்டது. சண்டை மட்டும் அப்படியே நின்றது.

இந்த வருஷம் மகள் நித்யஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை குண்டடத்துப் பக்கம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பொன் பட்டம் கட்ட வேண்டும். சித்தப்பன் மகன் யாரையாவது நிறுத்திக் கட்டச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் கட்டினால், பெற்றவளுக்கு அந்தச் சோறு இறங்குமா?

வெற்றிலை பாக்குத் தட்டோடு நேராகப் போய்விடலாம்தான். போய், அவன் தட்டைத் தொடாமல் திருப்பிவிட்டால்? சேதி மறுநாளே சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். பெண்ணுக்கு அல்லவா தலைக்குனிவு. ஆகவே தட்டு போவதற்கு முன்னால் அவன் மனசு தெரிய வேண்டும். அவன் வீட்டிலும் வேண்டாம், தன் வீட்டிலும் வேண்டாம். தற்செயலாக எங்கேயாவது எதிரே வர வேண்டும்.

அதற்குத்தான் இந்த ஷூ.

நாச்சிதுறைக்கும் புதூருக்கும் நடுவே ஆற்றின் இரண்டு கரையிலும் சீமைக்கருவேலத்தை வெட்டி, நடைபாதை போட்டிருந்தார்கள். ஒரு கரையில் போய், நாச்சிதுறைப் பாலத்தில் ஏறி, மறுகரையில் வந்து, புதூர்த் தரைப்பாலத்தில் இறங்கினால் ஒரு சுற்று. நடுவே ஆற்றுக்குள் ஒரு பாறை, பாறைமேல் கன்னிமார் கற்கள். சாமி நடுவில் இருப்பதால் எல்லோரும் ஆற்றை வலப்பக்கம் வைத்துத்தான் நடப்பார்கள். கோயிலைச் சுற்றுகிற மாதிரி. இடப்பக்கமாகச் சுற்றுவது சுடுகாட்டுக் காரியத்துக்கு. தெரியாமல் எதிர்த் திசையில் வந்த வடக்கத்திப் பையன்களை முத்தாத்தாளே நிறுத்தி, தன் சொந்த இந்தியில் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

தங்கராஜ் தினமும் விடிகாலையில் நாச்சிதுறையிலிருந்து சுற்று வருகிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதே நேரத்துக்குப் புதூரிலிருந்து கிளம்பினாள். எங்கேயாவது எதிரே வந்துதானே ஆக வேண்டும்?

வந்தான். கன்னிமார் பாறைக்கு நேராக, எதிர்க்கரையில். தோளில் வெள்ளைத் துண்டு, அப்பாவைப் போலவே முன்னால் சாய்ந்த நடை. இவள் மேற்கே போக, அவன் கிழக்கே போனான். நடுவில் ஆறு. அவனும் இவளைப் பார்த்தான். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி நடந்தார்கள்.

மறுநாள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினாள். அப்போதும் அவன் எதிர்க்கரையில்தான் இருந்தான். பிந்திக் கிளம்பினாள். அன்றைக்கும் அப்படியே. வீட்டுக்கு வந்து தோசைக் கரண்டியை நங்கென்று வைத்த அம்மாவிடமிருந்து நித்யஸ்ரீ விஷயத்தைக் கறந்துவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிற பெண். யாரிடமிருந்தும் எதையும் கறக்கத் தெரியும். சிரித்துக்கொண்டே சட்னியில் விரலை விட்டுத் தட்டில் ஒரு வட்டம் போட்டாள்.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே பக்கமாச் சுத்துனா எப்பிடி எதிர எதிர வருவீங்க? நீ திரும்பி நட."

"கல்யாணத்த வெச்சுக்கிட்டு என்னைய எடஞ்சுத்தச் சொல்றயா? வாயக் கழுவு."

"அப்ப ஓரெடத்துல நில்லு. மாமா வந்துருவாரு."

"நிக்கறதுன்னா நானில்ல எறங்கிப் போனதாவுது. அவன் தம்பி. அவன் நிக்கட்டும்."

"அப்ப வேகமா நடந்து போய்ப் புடி" என்று கையைக் கழுவப் போய்விட்டாள் மகள்.

முத்தாத்தாள் வேகமாக நடந்தாள். மூச்சு வாங்க, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். எதிர்க்கரையில் அவனும் வேகத்தைக் கூட்டினான். இவள் ஓட்டமும் நடையுமாகப் போனால், அவனும் அப்படியே போனான். என்னைக் கண்டதும் ஓடுகிறானே, நான் அவனுக்கு அவ்வளவு ஆகாதவளாகவா போய்விட்டேன்? ஷெட்டுக்கு வந்து, பட்டன் கோணலாகப் போட்ட பையன்மேல் எரிந்து விழுந்தாள். பட்டன் நேராகத்தான் இருந்தது. பையன் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தான்.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பன் மகனுக்கே சொல்லிவிடலாம் என்று லிங்கசாமி மெதுவாகப் பேச்செடுத்தார். அவள் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

தரைப்பாலத்தின் தென்கரை முனையில் கருத்தம்மா அருகம்புல் ஜூஸ் கடை போட்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், இந்த ஊர் உறவுமுறை எதுவும் தெரியாது. அன்று சுற்று முடித்து, பெஞ்சில் வந்து விழுந்த முத்தாத்தாளிடம் டம்ளரைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏக்கா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். வெள்ளத் துண்டு போட்ட ஆளு ஒருத்தரு தெனமும் இந்த வழியா வாராருல்ல, அவரு யாருக்கா?"

"ஏன்?"

"வந்ததும் மூச்சு வாங்க நின்னுக்கிட்டு, 'அந்த வெள்ள ஷூ அம்மா இங்கிருந்து போயி எவ்வளவு நேரமாச்சு'ன்னு கேக்காரு. ரொம்ப நேரமாச்சுண்ணேன்னு சொன்னா, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம வேகமாப் போயிருதாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

முத்தாத்தாள் டம்ளரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"என்ற தம்பி" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவள், நடக்கவில்லை. கருத்தம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நடக்கிறவர்கள் எல்லாம், "என்னங்க, இன்னைக்கு லீவுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தருக்காகக் காத்துக்கொண்டு உட்காருவது அவளுக்குப் புதுசு. கால் பரபரத்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒருமுறை நினைத்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

தரைப்பாலத்தின் அந்த முனையில் வெள்ளைத் துண்டு தெரிந்தது. நடை இல்லை, ஓட்டம். துண்டு கைக்கு வந்திருந்தது. பாலத்தின் நடுவில் அவளைப் பார்த்ததும்தான் நின்றான். பிறகு மெல்ல வந்தான்.

"அக்கா, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கறேன்."

"கன்னிமார் பாறைக்கு வந்து பாத்தா அக்கட்டால ஆளக் காணோம். விழுந்து கிழுந்து கெடக்கறீங்களோன்னு ஓடியாறேன்." முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆற்றைத் தாண்டிப் பார்த்தபோது அது தெரியவில்லை.

"இத்தன நாளா என்னக் கண்டா ஏன் கண்ணு ஓடற?"

"நானெங்கீங்க ஓடுனேன்? நீங்க ஓடுனீங்க. எப்பிடியாச்சும் எட்டிப் புடிச்சரலாம்னு நான் பின்னாலயே வந்தேன்."

கருத்தம்மா ஜூஸ் வடிகட்டுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நித்யாளுக்குக் கல்யாணம்" என்றாள் முத்தாத்தாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு சின்னதாக இருந்தது.

"தெரியுமுங்க. பட்டம் செய்யச் சொல்லி ஆசாரிகிட்டக் குடுத்துட்டேன். தட்டு வராட்டியும் மண்டபத்துக்கு வந்து நின்னிருப்பேன். அதுக்கு முன்னால ஒரு வார்த்த பேசீரலாம்னுதான் இந்த ஓட்டம்."

"அதச் சொல்லியுட்டா என்ன?"

"நீங்க சொல்லியுட்டா என்னவாம்?"

முத்தாத்தாள் பாட்டிலை மடியில் இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. "அன்னைக்கு நீ கொண்டாந்த தண்ணி... நீ சொன்னது நெசந்தான் சாமி. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

தங்கராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓடிவந்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. கருத்தம்மா அவசரமாக ஒரு டம்ளர் ஜூஸை நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அக்காவின் மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்தான்.

"அது ஊட்டுத் தண்ணிங்களா?"

"ஆமா. எங்கூட்டுத் தண்ணி."

"குடுங்க."

வாங்கி, அண்ணாந்து, அடிவரைக்கும் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலிப் பாட்டிலை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் ஊடு போயிச் சேர இன்னும் பாதிச் சுத்து இருக்குது. வாங்கக்கா, மெதுவாவே போலாம்" என்றான்.