கல்யாணப் பந்தலில் இறங்கிய தேனீக்கள்

என் சித்தியை ஹல்துமுல்லையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். சித்தி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பதுளையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைக்குப் போகமாட்டாள், கோயிலுக்கும் வரமாட்டாள். அவள் கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று அப்பாதான் பண்டாரவளையிலிருந்து ஒரு காலித் தேன்பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

"புள்ளைங்க ஓடியாடுற எடத்துல இது என்னாத்துக்கு?" என்று அம்மா சண்டை பிடித்தாள்.

சித்தி போனில் வீடியோ பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். கொய்யா மரத்தடியில் பெட்டியை வைத்து, எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய மீன் டின்களில் நிறுத்தினாள். உள்ளே மெழுகு தடவினாள். முதலில் வந்து குடியேறிய கூட்டம் ஓர் அடைமழைக்குப் பின் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. புருஷன் போனதற்கு எங்கள் முன்னால் அழாதவள், அன்றைக்கு வெற்றுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பின்மதிலின் பொந்திலிருந்த ஒரு கூட்டைப் பெட்டிக்கு மாற்றி, மழை நாட்களில் சீனித் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கூட்டம் தங்கிவிட்டது. சித்தி முதலில் தேனீக்களோடும், அப்புறம் எங்களோடும் பேசத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் மகளின் கல்யாணத்துக்கு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது சித்தி, "நல்ல காரியத்துல நான் எதுக்குக்கா? நீங்க போய்ட்டு வாங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். எனக்குப் புதுச் சட்டையின் நினைப்பு. ஏன் என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம் பார்த்து வானமே இரைந்தது. பெட்டியில் இடம் போதாமல் எங்கள் தேனீக் கூட்டத்தில் பாதி, ராணியோடு பிரிந்து வந்து, பந்தல் வாசல் கம்பத்தில் பலாப்பழம் மாதிரித் தொங்கியது. நாற்காலிகள் உருண்டன. யாரோ ஒருவர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பந்தம் கட்டத் தொடங்கினார். அம்மா தலைகுனிந்து நின்றாள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

"சித்தி, நம்ம தேனீய எரிக்கப் போறாங்க!"

சித்தி உடுத்தியிருந்த பழைய கவுனோடு, ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பந்தலில் அத்தனை ஆட்களைக் கண்டதும் கால் பின்வாங்கியது. அப்போது மாமியின் குரல் கேட்டது.

"நெருப்பு வைக்கப்படாது! அந்தப் புள்ளைக்கு வழி விடுங்க."

சித்தி கூட்டத்தின் மேல் மெல்லத் தண்ணீர் தெளித்தாள். பெட்டியைக் கீழே பிடித்துக் கம்பத்தை ஓங்கித் தட்டினாள். பெரும்பகுதி பொத்தென்று உள்ளே விழுந்தது. ராணியும் அதில் இருந்திருக்க வேண்டும். மற்றவை ஒவ்வொன்றாக அதன் பின்னால் நடந்து போயின. அவள் கையில் மட்டும் இரண்டொரு கொட்டு.

பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பியவளை மாமி மறித்தாள்.

"பொண்ணப் பாக்காமப் போகப்படாது."

"வேணாங்க மாமி. நான்... நல்ல நேரத்துல..."

"ஒரு கதையும் வேணாம். வாங்க."

பெட்டியை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, சித்தியின் கையைப் பிடித்து, உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருக்கும் நடுவால் மணப்பெண் அறைக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே நகைப்பெட்டியைத் திறந்து ஒரு சங்கிலியை எடுத்து, "இத நீங்களே பொண்ணுக்குப் போட்டு உடுங்க" என்று சித்தியிடம் நீட்டினாள். பிறகு தன் பக்கத்தில் இருத்தி, ஒரே பெரிய தட்டில் தன்னோடு சாப்பிட வைத்தாள்.

அன்றிலிருந்து சித்தி வெளியே போகத் தொடங்கினாள். இன்று அப்புத்தளை வரைக்கும் போய்ப் பெண்களுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிறாள். மாமியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கைகூப்புகிறது.

ஆனால் அன்றைக்கு, சங்கிலியின் கொக்கியை மாட்ட முடியாமல் சித்தி திரும்பத் திரும்ப முயன்றபோது, நான் அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்: "தேனீ கொட்டுன எடம் ரொம்ப வலிக்குதா சித்தி?"

சித்தி, "இல்ல கண்ணு, வலியே இல்ல" என்றாள்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்து, மருந்து எடுத்துவர நான் வீட்டுக்கு ஓடினேன்.