நல்ல அழுக்கு

விருதுநகரில் எங்கள் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேலே உள்ள மாடி அறையில்தான் நான் கிராபிக்ஸ் கார்டுகளைப் பழுது பார்க்கிறேன். கம்ப்யூட்டருக்குள் படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்புகிற கார்டு அது. விளையாடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கும் அது போய்விட்டால் கை ஒடிந்த மாதிரி. படியேறி வருகிற ஆள் முதலில் இருமுவார், பிறகு தும்முவார், அதற்கப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொல்வார். கீழே மூட்டை மூட்டையாக வத்தல் கிடந்தால் வேறென்ன நடக்கும்? எங்கள் வீட்டில் மட்டும் யாரும் தும்முவதில்லை. பிறந்ததிலிருந்து அந்த நெடியிலேயே வளர்ந்த மூக்குகள். புதிதாக வந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எப்படிக்கா இங்கன இருக்கீக?" என்று கேட்கும்போதுதான் இங்கே நெடி இருக்கிறது என்பதே எனக்கு ஞாபகம் வரும்.

நான் இந்த வேலைக்கு வந்ததில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வருத்தம் ஒன்றும் இல்லை. அவருடைய ஒரே கவலை, கார்டுகளைத் துடைக்க நான் வாங்கி வைத்திருந்த பாட்டிலில் 'ஆல்கஹால்' என்று அச்சடித்திருந்ததுதான். "தொழுகிற வீட்டுல இது என்னம்மா?" என்று முகத்தைச் சுளித்தார். அதன் மேல் ஒரு தாளில் 'கிளீனர்' என்று எழுதி ஒட்டினேன். அன்றோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

எனக்கு வேலை தெரியும். இதை அடக்கமாகச் சொல்ல வேறு வழி இருந்தால் சொல்லியிருப்பேன். யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று கார்டைத் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்த ஒருவரிடம், "சட்னி எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கார்டைக் கையில் வாங்கினேன். திட்டுவேன், ஆனால் சரி செய்து கொடுத்துவிடுவேன். என் கையில் சரியாகிப் போன கார்டு அதே கோளாறோடு திரும்பி வராது. மாவட்டம் முழுக்க இந்தப் பேச்சு இருக்கிறது. அதைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் தெரியும். கார்டைத் திறந்து ஃபேனைப் பார்த்தாலே எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். ஆலங்குளம் பக்கத்துக் கார்டில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி இருக்கும். சிவகாசி அச்சாபீஸ்களில் இருந்து வருவதில் காகிதத் தூள் பஞ்சு மாதிரி சுற்றியிருக்கும். எங்கள் ஊர்க் கார்டு சிவப்பாக இருக்கும், துடைத்த விரலால் கண்ணைத் தொட்டால் அவ்வளவுதான். பட்டாசுக் கிராமங்களிலிருந்து வருகிற கார்டு லேசாக மினுங்கும். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற அலுமினியப் பொடி அது. எங்கள் பக்கத்தில் அது ஒரு அதிசயமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரின் கழுத்து மினுங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதனால்தான் தாயில்பட்டிப் பெண் முதல் முறை வந்தபோது நானும் ஒன்றும் நினைக்கவில்லை. கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறவள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கிறாள். கணவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவர், அதாவது வெடிக்கிற கலவையைக் குழாய்களில் நிரப்புகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். இதெல்லாம் கார்டைக் கொடுத்துவிட்டுத் தும்மல்களுக்கு நடுவே அவளே சொன்னது. கார்டில் ஷார்ட் ஆகியிருந்தது. போகக் கூடாத வழியில் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. கார்டில் கிளீனரைத் தடவிவிட்டு மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்தால், கோளாறான இடம் சூடாகி அங்கே முதலில் உலரும். உலர்ந்த இடத்தில் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தது. துடைத்தேன், சரியாகிவிட்டது.

இரண்டாம் முறை அவள் வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, கார்டின்மேல். என் மேஜையிலிருந்து போனது திரும்பி வரலாமா? சந்தேகப்பட்ட கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிதாக வைத்தேன். ஈயத்தால் பற்ற வைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மூன்றாம் முறையாக அதே பையில் அதே கார்டோடு படியேறி வந்தாள்.

"அக்கா, மறுபடியும் படம் வரமாட்டேங்குது" என்றாள், திட்டு வாங்கத் தயாரான முகத்தோடு.

அவளை உட்காரவைத்துவிட்டு, இந்த முறை சிப்பின் மேல் சூட்டை வெளியேற்ற இருக்கும் ஹீட் சிங்க்கையும் முழுதாகக் கழற்றினேன். அதன் தகடுகளுக்கு இடையில் அலுமினியப் பொடி அப்பியிருந்தது. லேசான மினுமினுப்பு இல்லை, விரலால் வழித்தெடுக்கிற அளவுக்கு இருந்தது. கார்டின் ஃபேன் அந்த அறையில் மிதப்பதைத்தான் உள்ளே இழுக்கும். சட்டையில் ஒட்டி வருகிற பொடி இவ்வளவு சேர வருஷக் கணக்காகும். இது போன முறை நான் தகடுகளுக்கு நடுவிலும் காற்றடித்துச் சுத்தமாக அனுப்பிய கார்டு.

"வீட்டுல வச்சு யாரு மருந்து செலுத்துறா?" என்று கேட்டேன்.

"அவுக சட்டையில ஒட்டிட்டு வர்றதுதான்க்கா அது."

"சட்டையில வர்றது எம்புட்டுன்னு எனக்குத் தெரியும். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

அவள் கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். சீசன் நேரம், ஆர்டர் அதிகம். ஒரு ஏஜென்ட் கலவையையும் அட்டைகளையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறான். கணவர் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் தரைச் சக்கரத்துக்கு மருந்து செலுத்துகிறார். அதுவும் கம்ப்யூட்டர் இருக்கும் அதே அறையில். வீட்டில் இருப்பதே அந்த ஒரு அறைதான்.

"பிள்ளைக எங்க படுக்குது?"

"அங்கனதான். மேஜைக்குப் பக்கத்துல." அவள் கண் கலங்கியது, வத்தல் நெடியால் என்று என்னால் நினைக்க முடியவில்லை. "நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்க்கா. பழகுன கை, ஒண்ணும் ஆகாதுங்குறாக."

எனக்கு இந்தப் 'பழகுன கை' என்ற பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் வெடி விபத்து நடந்த இடத்தில் அடுத்த நாள் பேசிக்கொள்கிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள், எத்தனை வருஷம் பழகிய கை என்று.

"கார்டு இங்கயே இருக்கட்டும். உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு, அவர்ட்ட தாரேன்" என்றேன்.

அதுவரை தலையைக் குனிந்திருந்தவள் சட்டென்று எழுந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன்ல அந்த வீடியோவைப் போடணும். பொண்ணு வீட்டுக்காரக போன் மேல போன் போடுறாக. நீங்களும் என் வயித்துலதான் அடிக்கணுமா?"

கேள்வி நியாயமானது. என் கம்ப்யூட்டரைக் காட்டி, "நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு வா. இங்கன உக்காந்து முடி" என்றேன். அடுத்த நாளே ஹார்ட் டிஸ்க்கோடு வந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு எடிட் செய்தாள். திரையில் மணப்பெண் தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவள் கண்ணிலும் நிற்காமல் தண்ணீர். கீழேயிருந்து அத்தா இரண்டு முறை மோர் அனுப்பினார்.

கணவர் அதற்கு அடுத்த நாள், அவள் இங்கே எடிட் செய்துகொண்டிருக்கும்போதே வந்தார். கோபமாகத்தான் ஏறி வந்தார். ஆனால் எங்கள் மாடிப்படி கோபத்துக்குத் தோதான இடம் இல்லை.

"என்னக்கா, கார்டைப் பிடிச்சு வச்சிருக்கீகளாமே..." என்று தொடங்கினார், தும்மினார். "இது எந்த ஊரு..." இன்னொரு தும்மல். கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவர் நகக்கண்ணெல்லாம் வெள்ளியாக இருந்தது.

நான் உபதேசம் செய்யவில்லை. எனக்கு அது வராது, திட்டத்தான் வரும். திட்டினால் எழுந்து போய்விடுவார். வீட்டில் மருந்து செலுத்துவது சட்டப்படி குற்றம். போலீசுக்குச் சொல்வது என் மனதில் இருந்தது, அதைக் கடைசி வழியாக வைத்திருந்தேன். அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "கார்டுல என்ன கோளாறுன்னு காட்டுறேண்ணே, பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றேன். கிளீனர் பாட்டிலை மூடித் தூரமாக வைத்தேன். பொடி அப்பிய ஹீட் சிங்க்கைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டு, கார்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் பொடியை விட்டிருந்தேன். அந்த இடத்துக்கு மின்சாரம் கொடுத்தேன்.

கடுகு அளவுதான் இருக்கும். சுர்ரென்று ஒரு பொறி, வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அவரைக் காணோம். படியில் தடதடவென்று சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். செருப்புகூட இல்லாமல் மண்டியைத் தாண்டித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பொறியைக் கண்டதும் யோசிக்காமல் கால் ஓடுகிறது. பட்டாசு வேலையில் பிழைத்திருக்கிறவர்களின் கால் அப்படித்தான் இருக்கும். நான் சிரித்திருக்கலாம், சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஏறி வந்தார். முகமெல்லாம் வியர்வை. தன் மனைவி அங்கே இருப்பதை அப்போதுதான் சரியாகக் கவனித்தார்போல. ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"கம்பெனியில நீங்க மருந்து செலுத்துற ரூமுக்கு எத்தனை வாசல்ணே?" என்று கேட்டேன்.

"நாலு."

"எதுக்கு நாலு?"

"எந்தப் பக்கம் பத்துனாலும் இன்னொரு பக்கம் ஓடணும்ல" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"வீட்டுல இருக்கிற ரூமுக்கு?"

மனைவி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "ஒண்ணுதான். அதுவும் இவுக மருந்து வச்சிருக்கிற பக்கம். பிள்ளைக அந்தக் கடைசியில படுத்திருக்கும்" என்றாள். சத்தம் போடாமல், அழாமல், ஊர் வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "வீடியோ முடிஞ்சதும் வா. நான் முன்னால போயி மருந்தையெல்லாம் அந்த ஏஜென்ட்கிட்டயே குடுத்துட்டு வந்துர்றேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கார்டைக் கேட்கவே இல்லை. செருப்பை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொண்டார்.

கார்டை நன்றாகக் கழுவித் துடைத்து அவளிடம் கொடுத்தேன். தீபாவளி முடிந்ததும் இதை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நானே தாயில்பட்டிக்கு வருவேன், வரும்போது தனியாக வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் மனிதர்கள் சொல்வதை அவ்வளவாக நம்புகிறவள் இல்லை. கார்டு சொல்வதை நம்புவேன்.

அந்த சீசன் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. நூற்றுக்கணக்கான கார்டு பார்த்த கை, எந்தக் கோளாறையும் கண்டுபிடித்துவிடுகிற கை என்று பெருமை பேசுகிற நான், ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். "கார்டு நல்லா ஓடுதா?" என்று கேட்பேன். "ஓடுதுக்கா" என்பாள். எனக்கு வேண்டியது அந்தப் பதில் இல்லை, அவள் குரல்தான். அது அவளுக்கும் தெரிந்திருக்கும், ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு சனிக்கிழமை காலையில் மாடிப்படியில் தும்மல் சத்தம் கேட்டது. இரண்டு பெரிய தும்மல், நடுவில் இரண்டு சின்னத் தும்மல். நான்கு பேரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் பின்னால் நின்றன. அவர் கார்டை என் மேஜையில் வைத்துவிட்டு, டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருகாணிகளைக் கழற்றினேன். ஃபேனை எடுத்தேன், ஹீட் சிங்க்கை எடுத்தேன், விளக்கை அருகே இழுத்து வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தூசி. மெத்தைப் பஞ்சு. ஃபேனின் நடுவில் நீளமான ஒரு முடி, பிள்ளைகளில் ஒருத்தியுடையதாக இருக்கும். திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் மினுங்கவில்லை.

வாயால் ஊதினேன். தூசி முகத்தில் அடித்தது. எங்கள் வீட்டு வழக்கத்துக்கு மாறாக ஒரு தும்மல் வந்தது, பின்னாலேயே இன்னொன்று.

"யாரும்மா அது தும்முறது?" என்று கீழேயிருந்து அத்தா கேட்டார்.

"சுத்தமா இருக்காக்கா?" என்று கேட்டார் அவர்.

"அழுக்கா இருக்குண்ணே" என்றேன். "நல்ல அழுக்கு."

அவர் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தை மூடிக்கொண்டாள். சின்னவளுக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "கண்ணு எரியுதும்மா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

கார்டைத் துடைத்து மூடி அவர் கையில் கொடுத்தேன்.

"கூட்டிட்டுப் போங்க" என்றேன்.