எலிக்கூண்டில் பச்சைப் புழுக்கை

எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவளுக்கு முதலில் தொலைவது மனிதர்கள் மேல் உள்ள நம்பிக்கை; கூண்டுக்கும் கைடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் என் இனத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொழுகொழு கூட்டம்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு முனைவர் பட்ட வேலை. ஒரு கூட்டம் எலிகளுக்கு நார்ச்சத்துள்ள தீவனம், இன்னொரு கூட்டத்துக்கு நாரே இல்லாத தீவனம். நாரில்லாமல் தின்றால் குடலில் அழற்சி வரும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. வரவில்லை. நாரில்லாத கூட்டம் கொழுகொழுவென்று துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் என் மூன்று வருஷ உழைப்பு குப்பைக்குத்தான்.

ஒரு நாள் நாரில்லாத கூண்டின் தட்டை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடக்க வேண்டிய புழுக்கையில் பச்சை நிறம். யாரோ எதையோ போடுகிறார்கள்! என் கைடான பேராசிரியரிடம் ஓடினேன். நெற்றித் திருநீறு உதிராமல் நிதானமாகச் சொன்னார்: "எலி பொய் சொல்லாதும்மா. மனுஷங்களைக் கவனி."

பாடி மில்

கவனித்தேன். முதல் சந்தேகம் பாடியில் எங்களுக்குத் தீவனம் அரைத்துத் தரும் மில்காரர் மேல். அதே மிஷினில்தான் மாட்டுத் தீவனமும் அரைக்கிறார். புல்லோ தவிடோ ஒட்டியிருந்து எங்கள் மாவில் கலந்தால்? லாரிகளுக்கு நடுவில் புகுந்து போய்ச் சேர்ந்தேன். மிஷின் வாயில் விரலை விட்டுத் துழாவினேன், மோந்து பார்த்தேன். படுசுத்தம். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. நான் வருவது தெரிந்து துடைத்திருப்பாரோ என்று அவரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தேன்.

மனுஷர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னாமா, இவ்ளோ வருசத்துல என் சம்சாரம்கூட என்னை இப்டி மோந்து பாத்ததில்ல!"

கீரை டப்பா

அடுத்தவர் கஜேந்திரன் அண்ணன். எலிக்கூண்டுகளைக் கழுவுகிறவர், கோவில்பதாகையிலிருந்து வருகிறார். தினமும் அவர் சாப்பாட்டில் கீரை. பச்சைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எதிரே உட்கார்ந்து அவர் வாய்க்குப் போகும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தேன். பாவம், நாலாவது கவளத்தில் அவருக்குப் புரை ஏறிவிட்டது.

தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மேடம், டப்பாவையே பாத்துகினு கீறீங்க? இந்தக் கீரை எனக்கே பத்தல, இதுல எலிக்கு வேற பங்கு வெக்கணுமா?"

காலைப் பூஜை

விட்டேனா? மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து தீவன டிரம்முக்குப் பின்னால் பதுங்கினேன். கதவு திறந்தது. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்குக் கையுறை, எல்லாம் விதிப்படி. யார் என்று எட்டிப் பார்த்தால் என் கைடு! கையில் கல்லூரி வாசல் பிள்ளையாரின் அருகம்புல் மாலை. அதைப் பிரித்து, நாரில்லாத கூட்டத்தின் கூண்டுகளில் மட்டும் பயபக்தியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். எலிகள் வழக்கம் தெரிந்த மாதிரி ஓடி வந்து கொறித்தன.

"சார்!" என்று எழுந்தேன். அவர் பதறவே இல்லை.

"பிள்ளையார் வாகனமாச்சேம்மா. இதுங்களுக்கு நல்லபடியா அழற்சி வரணும், உன் ஆராய்ச்சி முடியணும்னு தினமும் வேண்டிக்கிட்டுப் போடறேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "சார், புல் முழுக்க நார் சார்! மொத்தமும் போச்சு. இனி புது எலி வாங்கி முதலிலிருந்து செய்யணும்."

அவர் மாஸ்க்கை இறக்கி, நான்தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா நீ, பிரசாதத்தைப் போய்த் தீவனத்துல சேக்கறே?"

புது எலிகள் வந்துவிட்டன. நானும் இப்போது தினமும் காலையில் தவறாமல் பிள்ளையார் முன்னால் நிற்கிறேன், கும்பிடுவதற்கு முன்னால் மாலை அவர் கழுத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள.