ஜெயித்த குதிரைக்கு ஒரு பிடி அரிசி

கீரமங்கலம் பூச்சந்தைக்கு மினி வேன் ஓட்டும் நல்லதம்பியைப் பற்றிச் சொல்வதென்றால், அவருடைய செவலைக் குதிரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனைவி சொர்ணத்துக்குச் சேலை எடுக்க மறப்பார். குதிரைக்குக் கொள்ளு ஊறவைக்க மறக்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரன் நான், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

மாசித் திருவிழா குதிரைவண்டிப் பந்தயத்தில் செவலை முதலாவதாக வந்தது. ஜெயித்த குதிரைக்கு வீட்டுக்கு வீடு வெல்லம் கலந்த பச்சரிசி ஒரு பிடி ஊட்டுவது எங்கள் தெரு வழக்கம். வேண்டாமென்றால் ஊட்ட வருகிறவர் முகம் சுண்டிப்போகும் என்று நல்லதம்பி யாரையும் தடுக்கவில்லை. நாற்பது வீடு. நான் இரண்டு பிடி ஊட்டினேன்.

மறுநாள் காலை செவலை தரையில் புரண்டது. எழுந்து தன் வயிற்றையே திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் புரண்டது. லத்தி போடவே இல்லை. கால்நடை மருத்துவர் வனிதா ஸ்கூட்டரில் விரைந்து வந்தார்.

"அத்தனை அரிசியும் குடல்ல புளிச்சுக் கெடக்குது. குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க. சாயங்காலத்துக்குள்ள லத்தி போடலைன்னா காப்பாத்துறது கஷ்டம்."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். வலிக்கு ஊசி போட்டார். நல்லதம்பி குதிரையை மெல்ல நடத்திக்கொண்டே இருந்தார். நான் குற்றவாளி மாதிரி போய் நின்றேன்.

"அன்பாத்தானப்பா குடுத்தீங்க. வேணாம்னு சொல்லாதது என் தப்பு" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நாலு மணிக்குச் செவலை வாலைத் தூக்கியது. விழுந்த லத்தியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, "டாக்டரம்மா, போட்டுருச்சுங்க!" என்று ஓடினார் நல்லதம்பி. கும்பிடக் கை இல்லாமல் நின்று அழுதார். நானும்தான் அழுதேன்.

"இனிமே புல்லுதான் முக்கியம். கொள்ளைக் கொறைச்சிருங்க. இந்த ஈஸ்ட் பவுடரைத் தெனமும் ரெண்டு ஸ்பூன் தவிட்டுல கலந்து வைங்க, செரிமானத்துக்கு நல்லது. லத்தியையும் தெனம் பாருங்க" என்றார் வனிதா.

டப்பா மாவைத் தின்று குதிரை ஓடுமா என்று முன்பெல்லாம் சிரித்த மனுஷன், இப்போது ஸ்பூனை விரலால் தட்டிச் சரிபார்த்துப் போடுகிறார். அதோடு விட்டாரா? தினமும் காலையில் லத்தியைப் படம் பிடித்து, 'நன்றிங்க டாக்டரம்மா' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்.

"அந்தம்மா காப்பி குடிக்கிற நேரத்துல இதையாண்ணே அனுப்புவீங்க?" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆறு மாதம் ஓடிவிட்டது. டாக்டரும் நிறுத்தச் சொன்னதில்லை.

போன வாரம் நல்லதம்பியின் செல் தண்ணீரில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சொர்ணத்தின் செல்லில் டாக்டர் கூப்பிட்டார்.

"இன்னிக்குப் படம் வரலையே. செவலை நல்லாருக்கா?"

நல்லதம்பி செல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்லாருக்குங்க... ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியின் செல்லோடு கொட்டகைக்கு ஓடினார்.