நாத்தனார் தெருவில் நெரிசல்

டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் எட்டு வேன்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது அவள் வேலை. முன்பு சுவர் வரைபடமும் பென்சிலும், இப்போது கணினி. ஓடுகிற வேன்களைப் பார்த்தே எந்தத் தெருவைக் கடக்க எத்தனை நிமிஷம் என்று அது கற்றுக்கொள்ளும். நிமிஷம் குறைந்த வழியைக் காட்டும். டிரைவர்களுக்கு அவள் ரூட்டக்கா. வழி பிசகினால் வேறு பெயரும் உண்டு, அது அவள் காதுக்கு வராது.

மூன்று வாரமாக அந்தக் கணினி அவள் உயிரை வாங்கியது. குழாய் பதிக்க ஆலைத் தெருவைத் தோண்டியபோது வேன்களைச் சுற்றுவழியில் விட்டது, நியாயம். பள்ளத்தை மூடியபிறகும் சுற்றியே விட்டது. தாமதமாக வந்தவருக்கு மெஷினில் அத்தனை நிமிஷம் வெட்டு. வெள்ளிக்கிழமையும் இப்படியென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மருத்துவமனை சொல்லிவிட்டது.

நேரில் போய்ப் பார்த்தாள். நடுத்தெருவில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மென்பொருள்காரர்களோ, அங்கே நெரிசல் என்று சாதித்தார்கள்.

எரிச்சலோடு பதிவைத் திறந்தாள். மூன்று வாரமாக அந்தத் தெருவுக்குள் போனது ஒரே வேன்தான். நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக, தினமும் பதினாலு நிமிஷம். கணினிக்கு வேறு சாட்சி ஏது? நான்காம் நம்பர் வண்டி. ஓட்டுவது அவள் கணவர். தெருவில் இருப்பது அவர் அக்கா வீடு. அந்த அக்காவோடு அவளுக்கு ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

"காபி குடிக்கிற நேரம்தான்," என்றார் கணவர், அவள் கேட்டபோது.

"குடிங்க. ஓய்வு பட்டனை அமுக்கியிருந்தா இது தெருக் கணக்குல சேராதே."

"அமுக்கினா எந்த வாசல்ல நிக்கறேன்னு உன் ஷீட்ல வருமே."

"எனக்குப் பயந்து எட்டு வண்டியைச் சுத்த விட்டீங்களா?"

"ஏழு. நான் சுத்தல."

அன்றிலிருந்து அமுக்கினார். வியாழக்கிழமை தெரு இரண்டு நிமிஷத்துக்கு இறங்கியது. வேன்கள் உள்ளே போயின. தினமும் நாத்தனார் வாசல் அவள் திரையில் வரும். அந்த ஓய்வுக்கு 'சரி' போட வேண்டியதும் அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஓய்வு இருபத்தாறு நிமிஷம் ஆகியும் நான்காம் வண்டி நகரவில்லை. பன்னிரண்டு மணி நோயாளி வாசலில் காத்திருந்தார். கணவருக்குப் போன் போட்டாள். எடுத்தது நாத்தனார்.

"அவரைக் கிளப்பி விடுங்க, ஆள் ஏத்தணும்," என்றாள். ஒரு வருஷத்தில் முதல் பேச்சு. 'அண்ணி' என்று சேர்க்கவில்லை.

"இதோ," என்றாள் நாத்தனார்.

நோயாளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.