மேல்வீட்டுக்காரரின் தாகம்

கட்டடம் கட்டுகிற இடத்தில் அவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கிரேனை ஓட்டுகிறவர் அவர். காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் இருபது நிமிடம் ஏறி, உச்சியிலிருக்கும் கண்ணாடிப் பெட்டி போன்ற கேபினுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். இறங்குவது சாயங்காலம்தான். நடுவில் ஒரு தடவை இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் வேலை நிற்கும், நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், என்ஜினியர் வாய்க்கு வந்ததைப் பேசுவார். அதனால் சாப்பாடு, தண்ணீர், மற்ற விஷயம் எல்லாமே மேலேயேதான். தினமும் ஸ்டோரிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஏறுவார். ஒன்று காலியானதும் மற்ற விஷயத்துக்கு அது உதவும். பதினோரு வருடமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மாவின் அறையில்.

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அவரும் மனைவியும் பார்க்கிற மூன்றாவது டாக்டர் இவர். சிகரெட் உண்டா, தூக்கம் எப்படி, வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், கேபினைப் பற்றிச் சொன்னதும் பேனாவை நிறுத்தினார்.

"நாள் பூரா வெயில்ல இருக்கற பிளாஸ்டிக் பாட்டில் தண்ணியைத் தவிர்க்க முடிஞ்சா தவிர்த்துடுங்க. இதனாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு நான் சொல்லல. அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. முடிஞ்சா நல்லதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

அவர் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். மீதி மூன்றும் வாசலோடு திரும்பிப் போய்விட்டன. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில், பதினோரு வருடம். நான்கு பக்கமும் கண்ணாடி. பத்து மணிக்கே தண்ணீர் கொதிக்கக் காய்ந்துவிடும், அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்ட நாட்கள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. கலைந்துபோன இரண்டையும் தானே அந்தத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரித்துவிடலாம், இல்லை நம்பிவிடலாம். இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் புதிதாக ஒரு ஸ்டீல் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஏணியடியில் சேஃப்டி சார் நின்றிருந்தார். காற்றே வந்தாலும் ஹெல்மெட் எங்கே என்று கேட்கிற ஆள்.

"என்னண்ணே, தோள்ல?"

"தண்ணி."

"ஸ்டீல் எல்லாம் மேலே போகக் கூடாதுண்ணே. அவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தா கீழே இருக்கறவன் மண்டை இருக்காது. எப்பவும் பிளாஸ்டிக் பாட்டில்தானே கொண்டுபோவீங்க, அதுக்கு என்ன வந்துச்சு?"

அதுக்கு என்ன வந்துச்சு என்பதற்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்தது. பின்னால் கொத்தனார்கள் நான்கு பேர் நின்றார்கள். எனக்குக் குழந்தை இல்லை, டாக்டரம்மா இப்படிச் சொன்னார் என்று அந்த நால்வருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஏழு வருடமாக "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன வாய்கள் அவை. மறுபடியும் அவற்றுக்குத் தீனி போட அவருக்கு மனசில்லை.

"ஒண்ணுமில்ல சார், சும்மா" என்றார். ஸ்டீல் பாட்டிலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, குழாயடியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, வெறுங்கையோடு ஏறினார்.

ஒன்பதரை மணிக்குத்தான் அந்தத் திட்டத்திலிருந்த ஓட்டை தெரிந்தது. குடித்ததெல்லாம் வெளியே வரத் துடித்தது. கையில் காலி பாட்டில் இல்லை. பத்தேகால் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பதினோரு வருடத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் இறங்கி வந்தார். நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "மேல்வீட்டுக்காரர் நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கார், நாற்காலி போடுங்கப்பா" என்றார் ஒரு கொத்தனார். என்ஜினியர் பேசியதை இங்கே எழுத முடியாது.

காலி பாட்டில் ஒன்றையாவது எடுத்துப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெறும் பாட்டிலோடு ஏறினால் இது எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குப் பெரிய வேலையாகிவிட்டது. வியாழக்கிழமையிலிருந்து காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு சாயங்காலம் இறங்குகிற வரைக்கும் ஒரு சொட்டுக் கிடையாது.

கேபினில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. சீட்டை முன்னால் தள்ளுவார், பின்னால் தள்ளுவார். ஜன்னலைத் திறப்பார், அனல் அடிக்கும், மூடுவார், புழுங்கும், மறுபடி திறப்பார். கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கீழே பார்த்தால் யாராவது ஒருவர் எங்காவது அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் இந்த ஆட்கள் இவ்வளவு தண்ணீரா குடித்தார்கள் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் அப்படியே டப்பாவில் திரும்பியது. ஒவ்வொரு மணி நேரத்தையும் அவர் பிறக்கப்போகிற குழந்தையின் பெயரால் தள்ளினார். பெண்ணாக இருந்தால் ஒரு மணி நேரம், பையனாக இருந்தால் இன்னொரு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உதடு ஏங்க இப்படி வெடிச்சிருக்கு?"

"வெயில்."

"வெயில் இந்த வாரம்தான் புதுசா வந்துச்சா?"

"வந்ததும் வராததுமா தொணதொணக்காதே" என்று எரிந்து விழுந்தார். அப்படிப் பேசுகிற ஆள் இல்லை அவர். அவள் உள்ளே போனாள். அவர் அடுப்படிக்குப் போய்ச் சொம்பு சொம்பாகக் குடித்தார்.

இங்கே அவருடைய மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். கிரேன் ஓட்டுகிறவருக்குச் சாமான் இறங்குகிற இடத்தில் இன்னும் எத்தனை அடி பாக்கி என்று மேலிருந்து தெரியாது. அங்கே ஒருவன் வாக்கி டாக்கியோடு நின்று ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொல்ல வேண்டும். இவருக்கு மச்சினன்தான் கண். அவனுக்கு ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணும், இன்னும் நடை பழகாத ஒரு பையனும் உண்டு. அந்தப் பையன் இவர் மடியில் உட்கார்ந்தால் இறங்க மாட்டான்.

சனிக்கிழமை மதியம், பன்னிரண்டாவது மாடியில் கம்பிக்கட்டு ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. நூறு முறை செய்த வேலை. மச்சினன் தளத்தில் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டே வந்தான்.

"இறக்குங்க மாமா. மெதுவா. இன்னும் மெதுவா. பத்தடி. ஆறடி. நிறுத்துங்க."

நிறுத்துங்க என்றது அவருக்கு நன்றாகவே கேட்டது. பிற்பாடு எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும், கேட்கவில்லை என்று அவரால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. காது கேட்டது, கைதான் செய்யவில்லை. கண் முன்னால் எல்லாம் வெளுத்துப்போய், கை மட்டும் கைப்பிடியை முன்னால் அழுத்திக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க மாமா. மாமா. மாமா."

பார்வை திரும்பியபோது கம்பிக்கட்டின் ஒரு முனை தளத்தில் மோதிப் புரண்டு கிடந்தது. அது கிடந்த இடம் மச்சினன் நின்ற இடம். ஒரு மஞ்சள் ஹெல்மெட் மட்டும் உருண்டு ஓரத்துக்குப் போய் நின்றது. ஆள் தெரியவில்லை. வாக்கி டாக்கியில் சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவரால் சொல்ல முடியாது.

"மாமா." மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது குரல். "நான் இருக்கேன் மாமா. தாவிட்டேன். ஹெல்மெட்தான் போச்சு."

தனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று இரண்டு பிள்ளைகளின் அப்பனைக் கொல்லப் பார்த்தோமே என்று அவர் நினைத்தார். அதைவிட மிருதுவாக நினைக்க அவருக்கு அப்போது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாக்கி டாக்கியை எடுத்தார். அதில் பேசினால் கீழே எல்லோருக்கும் கேட்கும்.

"கொக்கிக்குக் கீழே யாரும் போகாதீங்க. நான் இறங்கறேன். எனக்குக் கண்ணு சரியில்ல. மூணு நாளா பகல்ல தண்ணி குடிக்கல."

கிரேனை நிறுத்திப் பூட்டிவிட்டு இறங்கத் தொடங்கினார். கை ஏணியைப் பிடிக்க மறுத்தது. பாதி வழியில், நின்று இளைப்பாறுகிற தட்டில், மச்சினன் எதிரே ஏறி வந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. மறு கையில் அவன் பாதி குடித்த பிளாஸ்டிக் பாட்டில். அதை நீட்டினான். இவர் வாங்காமல் அதையே பார்த்தார். பிறகு, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். சுருக்கமாகச் சொல்ல நினைத்து, பஸ்ஸில் நினைத்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

மச்சினன் சிரிக்கவில்லை. "குடிங்க மாமா. மொதல்ல குடிங்க" என்றான்.

குடித்தார். வெதுவெதுப்பான தண்ணீர். அவ்வளவு ருசியாக இருந்ததே அவருக்கு அவமானமாக இருந்தது.

கீழே சேஃப்டி சார் தாளை எடுத்து வைத்துக்கொண்டு காரணம் கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அவர் அங்கேயும் சொன்னார். அவர் பயந்த மாதிரி யாரும் இளித்துப் பேசவில்லை. நாற்காலி போடச் சொன்ன கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேஃப்டி சார் எழுதுவதை நிறுத்தினார்.

"ஏண்ணே, ஸ்பேனர் மேலே போகுதே, அது இரும்பு இல்லையா? இடுப்புல கயிறு கட்டித்தானே கொண்டுபோறாங்க. உங்க பாட்டிலையும் ஒரு முழம் கயித்துல கட்டியிருந்தா நானே ஏத்தி விட்டிருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

ஒரு முழம் கயிறு. அவருக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று நாள் ஏறக் கூடாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கேபின் என்று சேஃப்டி சார் எழுதினார். அது நியாயம் என்று அவருக்கும் பட்டது.

நேரே மனைவி வேலை செய்கிற தையல் கடைக்குப் போனார். ரெடிமேட் துணிகளை ஆளுக்குத் தகுந்தபடி சுருக்கியும் நீட்டியும் கொடுக்கிற சின்னக் கடை. அவள் ஒரு பேண்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவரைப் பார்த்ததும் பிளேடைக் கீழே வைத்தாள்.

"வேலை போயிடுச்சா?"

"இல்ல."

நின்றபடியே சொன்னார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. டாக்டரம்மா, ஸ்டீல் பாட்டில், அரை டம்ளர், ஹெல்மெட் என்று முன்னும் பின்னுமாக வந்தது. முழங்கைக் காயத்தையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்க? சாப்பிட்டியா? மருந்து போட்டியா? சரி."

போனை வைத்தாள். பேண்ட்டை மறுபடி எடுத்தாள், பிரிக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

"டாக்டரம்மா பேசினப்ப நானும் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன். அவங்க சொன்னது பூரா எனக்குக் கேட்டுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவள் பிளேடை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"பிள்ளை வேணும். உங்களைவிட எனக்கு அதிகமாவே வேணும். ஆனா அது பொறந்தா அதுக்கு அப்பா வேணும், தாய்மாமனும் வேணும். ரெண்டு பேரையும் இன்னைக்கு அந்தக் கொக்கியில தொங்க விட்டுட்டு, பிள்ளைக்காகன்னு எங்கிட்ட வந்து சொல்றீங்க."

தைக்க வந்த துணிகளைப் பக்கத்தில் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அவள் அழாதீங்க என்று சொல்லவில்லை.