வெடிக்காத தோட்டாவுக்குக் குனிந்த கதை

"சேர், நீங்கள் துவக்குச் சுடுறனீங்களாமே, உண்மையோ?"

இங்கே நோர்வேயில், குறொன்லாண்ட் பகுதிக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, முன்பு என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். (நான் முருங்கைக்காயை மெல்லக் கீழே வைத்துவிட்டேன்.)

உண்மைதான் பிள்ளை. அங்கே நின்று விளக்க முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபின் வீட்டிலிருந்து என் மனைவி வசந்தாவின் சமையலுக்குப் புள்ளி போடத் தொடங்கியிருந்தேன். "எங்கையாவது போய் என்னத்தையாவது பழகுங்கோ" என்று அவள் துரத்தினாள். நாங்கள் இருக்கிற ஹொல்ம்லியாவில் பக்கத்து வீட்டுக்காரர் ஆர்னே. அவர் என்னைத் தன் பிஸ்டல் கழகத்துக்குக் கூட்டிப் போனார்.

"நான் நீச்சலைத்தான் நினைச்சனான்" என்றாள் வசந்தா.

பாதுகாப்பு வகுப்பை முடித்தேன். கழகத்தின் மிகச் சிறிய தோட்டாப் பிஸ்டலை இரவல் வாங்கிப் பழகினேன். அப்பளம் உடைகிற அளவுதான் சத்தம். இப்போது சொந்தமாக முழு அளவுப் பிஸ்டல் ஒன்று வாங்க விண்ணப்பிக்கலாம் என்று கழகம் சொல்லிவிட்டது.

பொலிஸ் அனுமதிக்கு முன் வீட்டு அனுமதி வேண்டும் அல்லவா?

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீங்கள் காசு குடுத்து வாங்கப் போறியளோ?"

"விளையாட்டுக்குத்தானேயப்பா."

"சரி. ஒண்டு. ஒண்டே ஒண்டு."

இங்கேதான் சிக்கல். என் மனதில் இரண்டு இருந்தன. ஒன்று ஒன்பது மில்லிமீற்றர், மற்றது நாற்பது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாற்பது என்பது அங்குலத்தின் நூறில் நாற்பது பங்கு, கிட்டத்தட்டப் பத்து மில்லிமீற்றர். விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்தான். சுடும்போது கைக்கு வருகிற உதைப்பில் வித்தியாசம் கழுதைக்குத்தான் தெரியும்.

ஆர்னே வழி சொன்னார். நாற்பதை வாங்கினால், அதற்குள் ஒன்பதுக்கான மாற்றுக் குழலைப் போடலாம். ஒன்பதை வாங்கினால் நாற்பதுக்கு ஏற முடியாது. ஒன்பதில் தோட்டாவின் அடி உட்காருகிற இடம் சின்னது.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, அலுமாரியிலிருந்து முறுக்கு உரலை எடுத்து மேசையில் வைத்து வசந்தாவுக்குப் பாடம் நடத்தினேன்.

"இஞ்சை பாரும். உரல் ஒண்டு. அச்சை மாத்தினால் முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் வரும். இதுவும் அப்பிடித்தான். துவக்கு ஒண்டு, குழல் ரெண்டு."

"அச்சு மாத்தினால் மாவும் மாத்த வேணுமெல்லோ?"

"ஓம். தோட்டா வேறை."

"மா வைக்கிற டப்பா?"

"தோட்டா அடுக்கிற மகசினும் வேறைதான் நல்லது."

"அச்சுக்கும் பொலிஸிட்டை அனுமதி எடுக்க வேணுமோ?"

"…ஓம்."

"அப்ப ஒண்டெண்டு ஏன் சொல்லுறியள்?"

(முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான்.)

கடைசியில், "நானும் வந்து பாத்துத்தான் முடிவு" என்றாள். கத்தரிக்காய் வாங்கினாலும் கூட வந்து அமுக்கிப் பார்க்கிற ஆள் அவள்.

சனிக்கிழமை மூவரும் கழகத்துக்குப் போனோம். வசந்தா காதுக்கவசம் மாட்டிக்கொண்டு பின்னால் கதிரையில் இருந்தாள். ஆர்னே தன்னுடைய நாற்பதைத் தந்தார்.

சுட்டேன். எல்லாம் இடது பக்கம், கீழே. ஒன்றிரண்டு குறிப் பலகையிலேயே இல்லை.

ஆர்னே துவக்கை வெறுமையாக்கி, குழலை மாற்றி ஒன்பதாக்கித் தந்தார். கொஞ்சம் நடுவுக்கு வந்தது. ஆனாலும் இடது, கீழே.

"குறி பார்க்கிற தகடு வளைந்திருக்குது போல" என்றேன்.

ஆர்னே மகசினை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டாக்களை நிரப்பித் தந்தார்.

முதலாவது வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தேன்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். உள்ளே இருந்தது மருந்தில்லாத போலித் தோட்டா. ஆனால் நான் கண்ணை இறுக்கி மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்து, முழங்காலையும் மடித்துப் பாதி குந்தியிருந்தேன். வளைந்தது தகடு இல்லை, நான். (துவக்கு மட்டும் பலகையைப் பார்த்தபடி இருந்தது. வகுப்பில் படித்தது வீண்போகவில்லை.)

துவக்கை இறக்கி வைத்து, காதுக்கவசத்தைக் கழற்றினோம்.

"இஞ்சாருங்கோ, வெடிக்காத துவக்குக்கு ஏன் குனிஞ்சனீங்கள்?"

திரும்பிப் பார்த்தால், கேட்டவள் கதிரைக்குக் கீழே இருந்தாள்.

"நீரேன் அங்கை இருக்கிறீர்?"

"முதல் வெடிக்கே வந்திட்டன்."

ஆர்னே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நோர்வேஜிய மொழியில் விளக்கினேன். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதலில் விழுந்து படுப்போம், என்னவென்று பிறகுதான் பார்ப்போம். அப்படிப் படுக்காதவர்கள் சிலரை எங்களுக்குத் தெரியும்.

அவர் தன் காதுக்கவசத்தை மேசையில் வைத்தார். பிறகு, "நல்ல பழக்கம். அதை மறக்க வேண்டாம். இந்தக் கட்டடத்துக்குள் மட்டும் விட்டுவிடுங்கள்" என்றார்.

வசந்தா எழும்பிச் சேலையைத் தட்டினாள். "துவக்குக்குக் குழல் மாத்தலாமாம். இந்த மனிசனுக்கு மாத்துறதுக்கு ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ."

மொழிபெயர்த்தேன். ஆர்னே சிரிக்காமல், "இதுதான்" என்று போலித் தோட்டாவைத் தூக்கிக் காட்டினார்.

வசந்தா அதை வாங்கி, கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, நாப்பதையே வாங்குங்கோ. ஆனால் ஒம்பது அச்சோடைதான் சுட வேணும். டிக் எண்டால் நிமிந்து நிக்கப் பழகின பிறகு பெரிசைப் போடலாம்."

"நீரும் வாரும், சேர்ந்து பழகுவம்."

"நான் கதிரையில இருந்து பழகிறன். அதுவே எனக்குக் காணும்."

விண்ணப்பம் இரண்டும் போய்விட்டன, துவக்குக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் போகிறோம். நேற்று டிக் என்றபோது நான் கண்ணை மட்டும்தான் மூடினேன். வசந்தா கதிரையிலேயே இருந்தாள், அதன் பிடியை இறுக்கிப் பிடித்தபடி.

பெரியது வேண்டுமா சின்னது வேண்டுமா என்று புத்தகத்தில் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், உடம்பைக் கேளுங்கள். கேட்பதற்குத் துவக்குத் தேவையில்லை. வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, நினைத்த நேரம் கை தட்டச் சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோர்த்துப் பாருங்கள். தட்டுவதற்கு முன்பே உங்கள் கை துள்ளினால், உங்களுக்கும் இப்போதைக்குச் சின்னதுதான்.